வானிலை மட்டும் சொல்லும் அக்கா

லண்டனில் நான் இருந்த வருடங்களில் பழகிய தமிழர்களில், அடுத்தவர் விஷயத்தில் கருத்துச் சொல்ல மறுத்த ஒரே ஆள் அந்த அக்காதான். மற்றவர்கள் எல்லோரும் இந்த விஷயத்தில் வள்ளல்கள். குட்மேய்ஸ் ரயில் நிலையத்திலிருந்து என் அறைக்கு நடந்து போவதற்குள் என் தலைமுடி, என் சம்பளம், என் கல்யாணம், நான் வாங்காத வீடு என்று ஏதாவது ஒன்றைப் பற்றி யாராவது ஒரு தீர்ப்பைக் கையில் திணித்துவிடுவார்கள். அக்காவிடம் கேட்டாலும் கிடைக்காது. கெஞ்சினாலும் கிடைக்காது.

அவருடைய உத்தியோகமும் அதுதான். லண்டனுக்குக் கிழக்கே, எசெக்ஸ் வயல்களுக்கு நடுவில் ஒரு சின்ன விமானத் திடல். ஓடுபாதை என்பது ஒட்ட வெட்டிய புல். ஓரத்தில் முயல்கள். மாடி வைத்த ஒரு மரக் கொட்டகையை எல்லோரும் கூச்சமில்லாமல் டவர் என்று அழைத்தார்கள். அந்த மாடியில்தான் அக்கா உட்கார்ந்திருப்பார். பெரிய விமான நிலையங்களில் ‘ஏறு, இறங்கு, நில்’ என்று உத்தரவு போடுகிறவர்கள் வேறு ரகம். அக்கா தகவல் அதிகாரி. காற்று எந்தப் பக்கம், மேகம் எவ்வளவு உயரத்தில், எதிரே யார் வருகிறார்கள் என்று ரேடியோவில் சொல்லலாம். பறக்க வருகிறவர்களுக்கு வழியில் வானிலை எப்படி என்று விவரமாக எடுத்துச் சொல்லலாம். மேலே போகிறவனைப் ‘போ’ என்றோ ‘போகாதே’ என்றோ சொல்லக் கூடாது. அப்படித்தான் விதி. கிளம்பத் தயாராக நிற்கிற விமானியிடம் அவர் சொல்ல வேண்டிய ஆங்கில வாக்கியத்துக்குப் பொருள், கிளம்புவது உங்கள் விருப்பம் என்பதுதான். அக்கா அதைத் தமிழில் தன் வாழ்க்கை முழுவதற்கும் எடுத்து வைத்துக்கொண்டார்: “உங்கட விருப்பம்.”

எனக்கு அவரைத் தெரியவந்தது அவருடைய அண்ணன் மூலம். அண்ணன் என் வீட்டுக்காரர். நான் நகரத்தில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு, குட்மேய்ஸில் அவர் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். ஊரே அவரை ‘அண்ணை’ என்று கூப்பிட்டதால் திருச்சிக்காரனான நானும் அப்படியே கூப்பிட்டேன். ஜெர்மனியில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டு லண்டனுக்கு வந்து ஒரு பெட்ரோல் நிலையம் எடுத்து, பிறகு இன்னொன்றும் எடுத்தவர். அந்தக் குடும்பத்தில் யார் எந்த நாட்டுக்குப் போவது, யார் யாரைக் கட்டுவது, எந்தப் பிள்ளை டாக்டர் ஆவது என்பதையெல்லாம் அண்ணைதான் முடிவு செய்தார். வாடகைக்கு இருந்த என்னையும் விட்டுவைக்கவில்லை. நான் குடிவந்த முதல் வாரமே என் குளிர்கோட்டைத் தடவிப் பார்த்து, இது சரிவராது என்று சொல்லி, தன்னுடைய பழைய கோட்டை எனக்கு மாட்டிவிட்டார். தோள் இரண்டு பக்கமும் தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டு அலுவலகம் போனால் வாசலில் பாதுகாவலர் என் அடையாள அட்டையை இரண்டு தடவை பார்ப்பார்.

தங்கை பரீட்சை எழுதித் தகவல் அதிகாரி ஆகிவிட்டார் என்று கேள்விப்பட்டபோது அண்ணை சிரித்தாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க அந்தத் திடலுக்குப் போனவர், சிரிப்பை நிறுத்திவிட்டார். தங்கை மாடியில் உட்கார்ந்து ரேடியோவில் பேச, வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக வானத்திலிருந்து பவ்யமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதில் தனக்கு ஓர் இடம் இல்லாமல் இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. அந்த மாதமே பயிற்சியில் சேர்ந்தார். லைசென்ஸ் வாங்கினார். நாலு பேர் கூட்டாக வைத்திருந்த ஒரு பழைய விமானத்தில் பங்கும் வாங்கிவிட்டார். ஒரே பிரச்சினை, பக்கத்தில் உட்கார ஆள் கிடைக்கவில்லை. மனைவி ஒரே ஒரு முறை ஏறினார், இறங்கியதும் நேராகக் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தார். பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் திடீரென்று மிகவும் பிடித்துப்போயிற்று. மிச்சம் இருந்தது வாடகைக்காரன்தான்.

சனிக்கிழமைகளில் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போவார். இங்கிலாந்தின் புண்ணியத்தில் பாதி நாள் பறக்க முடியாது. மேகம் புல்லைத் தொடுகிற மாதிரி கிடக்கும். அண்ணை கீழே கேன்டீனில் உட்கார்ந்து மற்ற விமானிகளுக்கு அவர்களுடைய விமானங்களைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பார். நான் மாடிக்குப் போய்விடுவேன்.

அக்காவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். குள்ளமான உருவம். ஆண்கள் போடும் கம்பளிச் சட்டை, தலையில் ஏற்றிவிட்ட கண்ணாடி. அந்தக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே இருப்பார். பிளாஸ்கில் பால் இல்லாத தேநீர் வைத்திருப்பார். எப்படி இருக்கிறீர்கள் என்று யாராவது ஒப்புக்குக் கேட்டால்கூட முறையாகப் பதில் சொல்வார்.

“இருமல் இருக்கு. காய்ச்சல் இல்லை. நேற்று நித்திரை குறைவு.”

ஒரு தடவை பிளேஸ்டோவில் அவருடைய வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். அண்ணையின் மனைவி வீட்டிலிருந்து கத்தரிக்காய்க் குழம்பு செய்து கொண்டுவந்திருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டார். “உப்புக் கொஞ்சம் கூட. ஆனா சாப்பிடலாம்” என்றார் அக்கா. பிறகு கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே நிறுத்தினார். “சாப்பிடலாம் எண்டது என்ர கருத்து. அதை விடுங்கோ. உப்புக் கூட, அவ்வளவுதான்.” அண்ணையின் மனைவி அன்றைக்கு மிச்சக் குழம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த மர மாடியில்தான் எனக்கு வானிலைத் தகவலின் வரலாறு கிடைத்தது. அக்கா சொன்ன மாதிரியே சொல்கிறேன், புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தால் நான் பொறுப்பில்லை. ஆரம்பத்தில் விமானிகள் போய்ச்சேர வேண்டிய ஊருக்குப் போன் போட்டு அங்கே மழையா என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அதற்குள் மழை இடம் மாறிவிடும். அமெரிக்காவில் விமானத்தில் தபால் கொண்டுபோக ஆரம்பித்தபோது, வழி நெடுக ஆட்களை ரேடியோவோடு உட்கார வைத்தார்கள். அவர்களுக்கு வேலை, தலைக்கு மேலே பார்ப்பதும் பார்த்ததை அடுத்த ஊர்க்காரனுக்குச் சொல்வதும். பிறகு பெரிய திடல்களில் வானிலைக்காரர் என்று ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வரைபடத்தின் முன்னால் நின்று, விமானிகளுக்கு நேரிலேயே விளக்கினார். அவரோடு வாதாடலாம், சிகரெட் கொடுத்து நல்ல வானிலை கேட்கலாம். கிடைக்காது, ஆனாலும் கேட்கலாம். அதன்பின் தொலைபேசி வந்தது, பிறகு பேக்ஸ் வந்தது. அக்கா சேர்ந்தபோது பேக்ஸ் இயந்திரம் கடைசி மூச்சில் இருந்தது. வரைபடத்தைப் பாதி துப்பிவிட்டு நின்றுவிடும். அந்தப் பாதியில் ஸ்காட்லாந்து மட்டும் இருக்கும். நான் போய்வந்த காலத்தில் கணினி வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே வானிலையைப் பார்த்துக்கொள்ளலாம். அதில் அக்காவுக்கு வருத்தமே இல்லை. பேக்ஸைத் தூக்கி எறிந்த அன்று கேன்டீனில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் வீட்டில் பார்த்துவிட்டு வந்தவர்களும் படி ஏறி மாடிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது வானிலை இல்லை என்பது எனக்கே சீக்கிரம் புரிந்துவிட்டது. ‘இன்றைக்குப் போகலாம்’ என்று யாராவது சொல்ல வேண்டும், ஏதாவது ஆனால் அந்த ஆளைக் கைகாட்ட வேண்டும். ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று அக்காவைக் கேட்பார். நான் விமானம் ஓட்டுவதில்லை என்று அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் பதில் சொல்வார். அவர் இறங்கிப் போகும்போது பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்கும்.

என்னுடைய கல்யாணப் பேச்சு வந்தது அந்தச் சமயத்தில்தான். மதுரைப் பக்கத்துப் பெண். அம்மா போட்டோ அனுப்பியிருந்தார். குட்மேய்ஸில் அண்ணை உட்பட நான் பழகிய அத்தனை பேரும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தார்கள். தீர்ப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அக்காவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி, போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“சிரிக்கிறா” என்றார்.

“அப்புறம்?”

“மற்றது ஒண்டும் இதில தெரியேல்ல, தம்பி. அவவோட கதைச்சுப் பாத்தனீங்களோ?”

பேசவில்லை. அன்றைக்குத்தான் எனக்கே அது உறைத்தது. உருப்படியாக ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கோபமும் வந்தது. அடுத்த வாரம் தொலைபேசியில் பேசினேன். ஒரு வருடம் கழித்து அவளையே கட்டிக்கொண்டேன். இப்போதும் நான் ஏதாவது முக்கியமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வரும்.

பத்துப் பேர் இருக்கிற சபையில் பத்துப் பேரும் தீர்ப்புச் சொல்கிற குடும்பத்தில் இந்த ஒருத்தர் மட்டும் ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். வெளியே மழை. ரேடியோவில் யாரும் இல்லை. அக்கா எந்த நாடகமும் இல்லாமல் சொன்னார். அவரை ஜெர்மனிக்கு அனுப்பியது மாமா முடிவு. எந்த வழியாக என்பது, காசு வாங்கி ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் முடிவு. என்ன படிப்பது, எங்கே வேலைக்குப் போவது எல்லாம் அண்ணை முடிவு. டென்மார்க்கில் ஒருவரைக் கட்டிவைத்ததும் அண்ணைதான். அந்த மாப்பிள்ளையை அண்ணை நேரில் பார்த்ததுகூட இல்லை.

“போனில கதைச்சுப் பாத்திட்டு, குரல் நல்லாயிருக்கு, நல்ல பெடியன் எண்டு சொன்னவர்.”

“எப்படி இருந்தது?”

“குரல் நல்லாத்தான் இருந்தது.”

அந்தக் கல்யாணம் நாலு வருடத்தில் முடிந்துபோயிற்று. லண்டனுக்கு வந்து சரக்குக் கம்பனி ஒன்றில் இருந்தபோது இந்த வேலைக்கு ஆள் கேட்டிருந்ததைப் பார்த்தாராம். ஒருவருக்கும் இதைச் செய், இதைச் செய்யாதே என்று சொல்லக் கூடாது என்று விதியே இருக்கிற ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பதை அவரால் முதலில் நம்ப முடியவில்லையாம். அதற்காகவே படித்தேன் என்றார்.

ஓர் ஏப்ரல் மாதச் சனிக்கிழமைக்கு இப்போது வருகிறேன். எங்கள் திடலில் நல்ல வெயில். கிளாக்டன் கடற்கரையை மேலிருந்து எனக்குக் காட்ட வேண்டும் என்று அண்ணைக்கு ஆசை. நான் ஆசைப்பட்டதாக அவரே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். படி ஏறிப் போனோம். அக்கா கணினியைத் திருப்பிக் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னார். இங்கே மத்தியானம் வரைக்கும் தெளிவு. காற்று கிழக்கிலிருந்து, அதாவது கடலிலிருந்து வருகிறது. கடலுக்கு மேலே தாழ்வான மேகம் ஒன்று கரைக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. கரையோரத் திடலில் இருந்தவர் மேகம் தன் தலைக்கு மேலே கொஞ்ச உயரத்தில்தான் நிற்கிறது என்று இப்போதுதான் சொன்னார். காலையில் அந்தப் பக்கம் போன ஒருவர் பாதி வழியில் திரும்பிவிட்டார்.

அண்ணை கையை ஆட்டினார். “நான் ஜெர்மனியில பனிப்புகாருக்குள்ள லொறி ஓட்டினவன்.”

“லொறி நிலத்தில ஓடுறது, அண்ணை” என்றார் அக்கா.

“அப்ப போகவேண்டாம் எண்டு சொல்லுறியோ?”

“நான் அப்பிடிச் சொல்லேல்ல. உங்கட விருப்பம்.”

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். எனக்காவது ஒரு கண்ஜாடை கிடைக்கும் என்று நினைத்தேன். “நீங்களும் கேட்டனீங்கள்தானே, தம்பி” என்று மட்டும் சொன்னார். கேட்டேன்தான். ஆனால் நான் அண்ணையின் வீட்டில் குடியிருக்கிறவன். போய் ஏறி உட்கார்ந்தேன்.

முதல் இருபது நிமிஷம் அருமையாக இருந்தது. கீழே மஞ்சள் பூ வயல்கள், தேவாலயக் கோபுரங்கள். அண்ணை வலது பக்கம் தெரிந்த கடலைக் காட்டி, அதை ஏதோ தானே வெட்டின மாதிரி பெருமைப்பட்டுக்கொண்டார். முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இருந்தது. அதன் கீழே புகுந்து போகலாம் என்று இறங்கினார். கோடும் இறங்கியது. இன்னும் இறங்கினார். ஒரு வீட்டின் கொல்லையில் துணி காய்ந்துகொண்டிருந்தது, அதில் ஒரு நீலச் சட்டை எனக்குத் தெரிந்தது. வீடுகள் இவ்வளவு பக்கத்தில் இருப்பதைப் பார்த்து அண்ணை பயந்து, மூக்கை மேலே தூக்கினார். அடுத்த விநாடி எல்லாம் வெள்ளை.

மேகத்துக்குள் இருப்பது மெத்தென்று இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. சுண்ணாம்படித்த அறைக்குள் நம்மைப் போட்டுப் பூட்டி, அந்த அறையை யாரோ சாய்ப்பது போல இருந்தது. எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியவில்லை. நான் நேராக உட்கார்ந்திருப்பதாகத்தான் உடம்பு சொன்னது. மடியில் இருந்த வரைபடம் மட்டும் கதவுப் பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. இயந்திரத்தின் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. அண்ணை ரேடியோ பொத்தானை அழுத்தித் தமிழில் பேசினார்.

“தங்கச்சி, ஒண்டும் தெரியேல்ல.”

அக்காவின் குரல் ஆங்கிலத்தில் வந்தது. எங்கள் திடலில் மேகம் இல்லை, மேற்கே பார்வைத்தூரம் நன்றாக இருக்கிறது, காற்று இன்னது. எல்லாம் சரியான தகவல். அண்ணைக்கு ஒன்றுகூட ஏறவில்லை.

“என்ன செய்யிறது எண்டு சொல்லு. தங்கச்சி, சொல்லன்.”

ரேடியோவில் ஒன்றும் வரவில்லை. அந்த இடைவெளி உண்மையில் இரண்டு மூச்சு அளவுதான் இருந்திருக்கும். எனக்கு அதற்குள் திருச்சியும் அம்மாவும் மதுரைப் பெண்ணின் போட்டோவும் கண்முன்னால் வந்து போயின. பிறகு நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல் வந்தது.

“அண்ணை, வாயை மூடு. வெளியில பாக்காதை. முன்னுக்கு இருக்கிற வட்டத்துக்குள்ள பிளேனின்ர ரெண்டு செட்டை கீறியிருக்கு, அது நேரா நிக்கிறதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு திருப்பு. நிண்டதோ? இப்ப மெல்ல இடப்பக்கம் திரும்பு. திசைகாட்டியில டபிள்யூ வருமட்டும் திரும்பு. வந்தாப் பிறகு நேராப் பிடி. வேற ஒண்டும் செய்யாதை. விளங்கினா ஓம் எண்டு சொல்லு.”

“ஓம்” என்றார் அண்ணை.

“தம்பி, நீங்கள் உயரம் காட்டுற முள்ளைப் பாத்து அவருக்குச் சத்தமா வாசிச்சுக்கொண்டு இருங்கோ.”

எனக்கு அந்த நேரத்திலும் ‘நீங்கள்’, ‘இருங்கோ’. நாற்பது வருடமாக வாங்கோ, போங்கோ என்று கேட்டுப் பழகிய மனிதருக்கு ‘வாயை மூடு’. அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார். கன்னத்தில் அறை வாங்கினவர் போல இருந்தது அவர் முகம், ஆனால் கண் அந்த வட்டத்தைவிட்டு நகரவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில் எண்களைப் படித்தேன். எண்கள் இறங்குவதை நிறுத்தின. டபிள்யூ எழுத்து மெதுவாக வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் வெள்ளை கிழிந்து, கீழே ஒரு மஞ்சள் வயலும் ஒரு மதுக்கடையின் கார் நிறுத்துமிடமும் தெரிந்தன. ஒரு ஆள் காரிலிருந்து இறங்கி எங்களை அண்ணாந்து பார்த்தார். அவருடைய வழுக்கைத் தலையைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

இறங்கி, இயந்திரத்தை நிறுத்திய பிறகு அண்ணை முதலில் சொன்னது மேகத்தைப் பற்றி அல்ல.

“என்னை நீ எண்டு கதைச்சவள்” என்றார்.

திடலின் மேலாளர் ஒரு வயதான ஆங்கிலேயர். காலோடு ஒரு கிழட்டு நாய் எப்போதும் திரியும். நல்ல மனிதர், விதிகளில் கெட்டி. அக்கா தமிழில் பேசிய சமயத்தில் அவரும் மாடியில்தான் நின்றிருந்தார். அந்த அலைவரிசையில் இருந்த அத்தனை விமானிகளும் கேட்டிருந்தார்கள். அவர் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். அக்கா ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். தேநீர்க் கோப்பை கையில் இருந்தது, குடிக்கவில்லை. அந்த மொழியில் என்ன பேசப்பட்டது என்பதைச் சொல்ல முடியுமா என்று மேலாளர் என்னிடம் கேட்டார். மேலிடத்துக்கு அவர் அறிவித்தாக வேண்டும். நான் படி ஏறும்போதே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்: மேற்கே வானிலை நன்றாக இருப்பதாக அவர் விமானிக்குத் தகவல் கொடுத்தார், இடப்பக்கம் திரும்புவது அவருடைய விருப்பம் என்றும் தெரிவித்தார்.

மேலாளர் நிம்மதியாக மூச்சு விட்டார். நாயும் படுத்துக்கொண்டது.

“இல்லை” என்றார் அக்கா, ஆங்கிலத்தில். அவர் சொன்னதை மரியாதைக்காக மழுப்பாமல் எழுதினால் இப்படி வரும்: “நான் தகவல் கொடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இடப்பக்கம் திரும்பு என்று சொன்னேன். அவருக்கு விருப்பமா என்று கேட்கவில்லை.”

இவர் பிழைக்கத் தெரியாதவர் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மேலாளருக்கும் வந்திருக்கும். அவர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். பிறகு என்னிடம், விமானி ஏன் உயிர் தப்பியதைவிட வேறு எதற்கோ அதிர்ந்துபோயிருக்கிறார் என்று கேட்டார். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’. அந்த மொழிக்காரரிடம் ஒரு தங்கை அண்ணனை ‘நீ’ என்று ஏவுவதைப் பற்றி விளக்க நான் கால் மணி நேரம் பாடுபட்டேன். கடைசியில் அவர், அப்படியென்றால் அது உத்தரவைவிடப் பெரிய குற்றமா என்று கேட்டார். அக்கா முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அது சிரிப்பு இல்லை என்று எனக்கே தெரிந்தது. மேலாளர் நாயைக் கூட்டிக்கொண்டு கீழே போய்விட்டார்.

விசாரணை முடியும்வரை அக்காவை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து எல்லோரையும் கேட்டார். ஆபத்து நேரம் என்பதால் அக்கா செய்தது தவறு இல்லை, இனி ஆங்கிலத்தில் பேசவும் என்று முடித்துவிட்டார்கள். அதோடு, அவர் கொடுத்தது உத்தரவு அல்ல, ‘ஆலோசனை’ என்று குறித்துக்கொண்டார்களாம். அக்காவுக்கு அதில்தான் கோபம். “ஆலோசனை எண்டு எழுதியிருக்கினம். ஆலோசனை சொல்லுற ஆளோ நான்?” என்று என்னிடம் தொலைபேசியில் குமுறினார்.

அண்ணை விமானத்தில் தன் பங்கை அந்தப் பல் மருத்துவருக்கு விற்றுவிட்டார். ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. தங்கை தன்னை ஒரு முறை ஏவினார், அதனால்தான் தன் உயிர் தப்பியது என்பது அவர் மண்டையில் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் அக்காவுக்குப் போன் போட ஆரம்பித்தார். கடைக்கு எந்த வேன் வாங்குவது, மூத்தவனை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடுவது, நெஞ்சு எரிந்தால் டாக்டரிடம் போவதா வேண்டாமா. அக்கா விலகி விலகிப் போனார். வேனின் எஞ்சினைப் பற்றித் தெரிந்ததைச் சொல்வார், பள்ளிக்கூடத்தின் பரீட்சை முடிவுகளைச் சொல்வார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அண்ணை போனை வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். “அண்டைக்குச் சொன்னவள்தானே, இண்டைக்குச் சொன்னா என்ன?” என்று என்னைக் கேட்பார். வானத்திலிருந்து விழப்போனால் சொல்லுவார் என்று நான் பதில் சொன்னேன். அடுத்த மாத வாடகையை அவர் சிரிக்காமல் வாங்கினார்.

அந்த வருடக் கடைசியில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஒரு தீவில், இதே வேலைக்கு அக்கா தேர்வாகிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்மேய்ஸ் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, வருகிற மாதம் போறன் என்றார். போகட்டுமா என்று கேட்கவில்லை. வீடே எழும்பி நின்றது. தனியாக இருக்கிற பெண், ஒரு தமிழ்ச் சனம் இல்லாத இடம், குளிர், இருட்டு, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வெம்பிளியிலிருந்து வந்திருந்த ஒரு சித்தப்பா, இதெல்லாம் அந்த ‘நீ’யில் ஆரம்பித்தது என்று சொல்லிவிட்டு மறுபடியும் சோறு போட்டுக்கொண்டார். அக்கா எல்லோரும் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டார். அண்ணை மட்டும் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்கு நான்தான் பெட்டி தூக்கப் போனேன். ரயில் புறப்பட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அண்ணை வரமாட்டார் என்று இரண்டு பேரும் நினைத்திருந்தோம். வேலைச் சட்டையோடு, பெட்ரோல் நிலையத்தின் பெயர் நெஞ்சில் தைத்தபடி, கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். கையில் ஒன்றும் இல்லை. மூச்சு வாங்கியது. இப்போது ஆரம்பிக்கப் போகிறார் என்று நான் பெட்டியைக் கீழே வைத்தேன். அக்காவும் அதையே நினைத்திருக்க வேண்டும், தோள்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அண்ணை ரயிலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தன் காலணியைப் பார்த்தார்.

“அங்க மீன் கிடைக்குமோ?” என்று கேட்டார்.

அக்கா அவரையே பார்த்தார். “கடலில நிறைய இருக்கு. கடை ஒண்டும் இல்லையாம்.”

“அப்ப ஆரிட்டை வாங்கிறது?”

“அது எனக்கு இன்னும் தெரியாது, அண்ணை.”

அண்ணை தலையை ஆட்டினார். அதற்கு மேல் அவருக்கு ஏதோ சொல்ல வந்தது. அதை விழுங்கிவிட்டுப் பெட்டியை என் கையிலிருந்து வாங்கி, தானே ரயிலுக்குள் தூக்கி வைத்தார்.

“தெரிஞ்சாப் போன் எடுத்துச் சொல்லு” என்றார்.

“சொல்லுறன்” என்று அக்கா ஏறிக்கொண்டார்.